கண்டாலா மலையில் சைக்கிள் பந்தயம்

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, சங்க நூலகத்தைப் பூட்டும் வேளையில், தாராவி அன்பர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். நெல்லைச் சீமையிலிருந்து இளமையிலேயே இந்நகருக்கு வந்து, விடியுமுன் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஊதலை ஒலித்துத் தெருத்தெருவாய் விற்று, மூன்று மக்களையும் படிக்கவைத்தவர் அவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் கொண்டுவந்த வழக்கு இது:

"அண்ணாச்சி, மூத்தவன் கண்டாலா மலைக்குச் சைக்கிள்ல ஏறப்போறேங்கான். அடுத்தாப்ல பந்தயத்துக்கும் போவானாம். வண்டி என்னோடது. அது வழியில முறிஞ்சா திங்கக்கிழமை யாவாரம் என்னாகும்? நீங்கதான் அவனுக்கு நல்ல புத்தி சொல்லணும்."

நல்ல புத்தி சொல்வது எளிது. 'வேண்டாம் தம்பி' என்னும் இரண்டு சொற்களில் அது முடிந்துவிடும். ஆயினும், அம்மலைக்கும் சைக்கிளுக்கும் உள்ள பழைய உறவை ஓரளவு அறிந்திருந்தமையால், அவ்வாறு சொல்ல நமக்கு நா எழவில்லை. அன்று அவரிடம் கூறியதையும், அதன்பின் நேர்ந்ததையும் நம் இல்லத்தார் அனைவரும் அறிய இங்கே எழுதுகிறோம். (சைக்கிளை மிதிவண்டி என்றே எழுதவேண்டும் என்று நம் புலவர் நண்பர்கள் சினப்பர். தாராவியில் அச்சொல்லைச் சொல்லிப் பஞ்சர் கடைக்கு வழி கேட்டால் காட்டுவார் இல்லை, பொறுத்தருள்க.)

மும்பையிலிருந்து புனே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தாணாக் கழியின்மேல் வாஷிப் பாலம் எழுந்தபின், சயானில் தொடங்கிச் செம்பூர், மான்குர்டு, வாஷி, பன்வேல் எனச் செல்லும் சாலையே முதன்மை வழியாயிற்று. கோப்போலி வரையில் நிலம் பெரும்பாலும் சமம். அதற்கு அப்பால் சஹ்யாத்ரி மலை மதிலைப்போல் எழுந்து நிற்கிறது. கோப்போலி கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் உள்ளது; மலைமேல் உள்ள சிற்றூராகிய கண்டாலா சுமார் 550 மீட்டர். இடையே உள்ள ஏற்றத்திற்குப் 'போர் காட்' என்று பெயர். அது மராத்தி ஒலி. நம் தமிழ்ப் போருக்கும் காட்டுக்கும் அதனோடு தொடர்பு இல்லை. 'காட்' என்றால் கணவாய்.

வண்டிகள் செல்லத்தக்க சாலை இக்கணவாயில் 1830-இல், ஜான் மால்கம் பம்பாய் ஆளுநராயிருந்த காலத்தில் திறக்கப்பட்டது. இருப்புப்பாதை 1863-இல் மேலேறியது. அதனை அமைத்த தொழிலாளருள் ஆயிரக்கணக்கானோர் காலராவுக்கும் விபத்துக்கும் இரையாயினர். பழைய சாலையின் ஓரத்தில் ஷிங்ரோபா கோயில் என்று ஒரு சிறு கோயில் இருக்கிறது. வெள்ளையருக்கு மலையேறும் வழியைக் காட்டிக்கொடுத்த ஆட்டிடையன் ஒருவன், காட்டியபின் அவர்களாலேயே கொல்லப்பட்டான் என்றும், அவனே அங்குத் தெய்வமாய் நிற்கிறான் என்றும் மக்கள் கூறுவர். லாரி ஓட்டுநர் இன்றும் அங்கே காசு எறிந்துவிட்டே கடக்கின்றனர்.

இந்தச் சாலையில்தான், நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டித் தொடங்கிய பம்பாய்–புனே சைக்கிள் பந்தயம் புகழ்பெற்றது. புனேயில் முதலாவதாகச் சேர்பவனுக்கு வெற்றி. அது எங்கும் உள்ள வழக்கம். ஆனால் கணவாயின் உச்சியை முதலில் தொடுபவனுக்கு இங்கே தனிப் பட்டம் உண்டு. 'காட்டாச்சா ராஜா' என்பர். கணவாய்க்கு அரசன் என்பது பொருள். தமிழ்ச் செவியில் இது 'காட்டு ராஜா' என்று விழுவதால், அது சிங்கத்தின் பெயர் என்றே நாம் சிறுவயதில் எண்ணியிருந்தோம். புனேயில் தோற்றவனும் கண்டாலாவில் அரசனாகலாம் என்பதே இப்பட்டத்தின் அழகு.

பிரான்சு நாட்டுப் பெரும் பந்தயத்திலும் இதே எண்ணம் உண்டு. 1903-இல் தொடங்கிய அப்பந்தயம், 1910-இல் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயை அவ்வாண்டு முதலில் கடந்தவர் ஒக்தாவ் லாபீஸ். 1933 முதல் மலையேற்றத்தில் சிறந்தவருக்கு அங்கும் தனிப் பரிசு ஏற்பட்டது.

அம்மலையில் 1913-இல் நடந்த ஒன்றை நம் இட்லி அன்பருக்கு விரித்துரைத்தோம். ஏனெனில் அவருடைய அச்சமே அங்கு நிகழ்ந்தது. யூஜேன் கிறிஸ்தோஃப் என்னும் வீரர் தூர்மலேயிலிருந்து இறங்குகையில் சைக்கிளின் முன் கவை முறிந்தது. வேறு வண்டி வாங்கவோ, பிறர் உதவி பெறவோ விதியில் இடமில்லை. அவர் சைக்கிளைத் தோளில் சுமந்து, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் கொல்லன் பட்டறையை அடைந்தார். பந்தய அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையைச் செம்மை செய்தார். இரு கைகளும் வேலையாயிருந்தமையால் துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான். அதுவும் பிறர் உதவியே என்று அவருக்குப் பத்து நிமிடத் தண்டம் விதித்தனர்! பின்னர் மூன்று நிமிடமாகக் குறைத்தார்களாம். மணிக்கணக்கில் பிந்திப்போன மனிதருக்கு மூன்று என்ன, பத்து என்ன?

நம் அன்பர் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பட்டறைக்காரன் காசு வாங்கினானா?" என்றார். நமக்கு விடை தெரியவில்லை.

இனி வண்டியைப் பற்றி ஒரு சொல். சமநிலத்தில் ஓடுபவன் முன்செல்பவனின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றின் தடையிலிருந்து தப்பலாம். ஏற்றத்தில் வேகம் குறைவாதலால் அந்த மறைவு பெரிதும் பயன்படாது. அவனவன் மூச்சே அவனவனுக்குத் துணை. ஆயினும் ஏழையும் செல்வனும் அங்கே சமம் என்று சொன்னால் அது பொய்யாகும். 55 கிலோ எடையுள்ள பையன் 20 கிலோ எடையுள்ள கடைச் சைக்கிளில் ஏறினால் மொத்தம் 75 கிலோவை மேலே தூக்குகிறான். பந்தயச் சைக்கிள் எட்டுக் கிலோதான். அதில் 25 நிமிடத்தில் ஏறும் மலையை, அதே முயற்சியோடு கடைச் சைக்கிளில் ஏற ஏறக்குறைய 30 நிமிடம் ஆகும். பற்சக்கரம் மாற்றும் வசதியும் கடைச் சைக்கிளில் இல்லை. பிரான்சுப் பந்தயத்திலேயே அவ்வசதி 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது என்று சொல்லி அன்பரைத் தேற்றினோம்.

மலையுச்சியில் ஒரு பாலம் இருந்ததையும் இங்கே குறிக்கவேண்டும். 1830-இல் கட்டப்பட்ட அதனை எல்லாரும் 'அமிர்தாஞ்சனம் பாலம்' என்றே அழைத்தனர். அத்தைலத்தின் விளம்பரம் அதன்மேல் எழுதப்பட்டிருந்ததே காரணம். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் இதே பம்பாயில் தொடங்கி, பின்னர் 1914-இல் சென்னைக்குக் கொண்டுசென்ற அமிர்தாஞ்சனம், நம் வீட்டு அலமாரிகளில் இல்லாத நாள் உண்டா? கால் கடுக்க ஏறி வருபவனுக்கு அப்பெயரைக் காட்டி நின்ற பாலம் 2020 ஏப்ரலில் இடிக்கப்பட்டது.

பந்தயம் ஆண்டுதோறும் தவறாமல் நடந்ததென்று சொல்வதற்கில்லை. நின்றும் எழுந்தும் வந்திருக்கிறது. 2002-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை. பழைய சாலையில்தான் செல்லவேண்டும். அங்கும் லாரிகள் உண்டு. அன்பரின் அச்சத்தில் பாதி இதுவே, நியாயமானதும்கூட.

நம் நாட்டு மலைகளிலும் இவ்வார்வம் பிற்காலத்தில் பரவியிருக்கிறது. 2008 முதல் நடந்துவரும் நீலகிரிச் சைக்கிள் பயணத்தில், மசினகுடியிலிருந்து உதகைக்கு 36 கொண்டையூசி வளைவுகளோடு ஏறும் கல்லட்டிச் சாலைக்குப் பெயர்பெற்ற வீரரும் அஞ்சுவர். 1992-இல் வெளிவந்த 'ஜோ ஜீதா வோஹி சிக்கந்தர்' என்னும் இந்திப் படத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவர். கதை நிகழ்வது டேராடூனில் என்றாலும், கொடைக்கானலும் உதகையும் அப்படத்தில் டேராடூனாய் நடித்துள்ளன. பம்பாய்க்காரர் சைக்கிள் பந்தயம் எடுக்கத் தமிழ்நாட்டு மலைக்குப் போனபோது, தமிழ்ப் பையன் பம்பாய் மலையில் ஏற நினைப்பது குற்றமாகுமா என்று நாம் கேட்டோம். அன்பர் சிரித்துவிட்டார். வழக்கு அத்தோடு பாதி முடிந்தது.

மீதிப் பாதிக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தார். தலைக்கவசம் இரவல் வாங்கியேனும் அணியவேண்டும். முதலில் பந்தயம் அன்று, வெறும் ஏற்றம். ஏறியபின் சைக்கிளில் இறங்கக்கூடாது. கம்பி பிரேக் மலையிறக்கத்தைத் தாங்காது. டெம்போவில் ஏற்றி வரவேண்டும். மகன் மூன்றுக்கும் உடன்பட்டான். அவன் தாய் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இட்லிமாவு கரைத்துக்கொண்டிருந்தார்.

குறித்த ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு அவன் தாராவியிலிருந்து புறப்பட்டான். அன்பரும் நாமும் உள்ளூர் ரயிலில் கோப்போலி சென்று, அங்கிருந்து ஆட்டோவில் கண்டாலாவை அடைந்து, ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். 8 மணி 10 நிமிடத்திற்கு அவன் மலையடியிலிருந்து தொலைபேசியில், "அப்பா, ஏற ஆரம்பிக்கேன்" என்றான். அன்பர் தேநீரைத் தொடவே இல்லை. பளபளக்கும் பந்தயச் சைக்கிள்களில் நால்வர், ஐவர் வந்து கடந்தனர். ஒவ்வொருவர் வரும்போதும் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தார்.

8 மணி 57-க்கு அந்தக் கறுப்புச் சைக்கிள் வளைவில் தெரிந்தது. பின்புறம் இட்லிப் பாத்திரம் கட்டும் இரும்புச் சட்டத்தைக்கூட அவன் கழற்றவில்லை. மறுநாள் மாட்ட நேரமிராது என்று விட்டுவிட்டானாம். கால் ஊன்றி இறங்கியவன் மூச்சிரைக்கச் சிரித்தான். அன்பர் நேரே சென்று குனிந்து, முன் கவையைத் தடவிப் பார்த்தார். பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அதன் பிறகே மகன் முகத்தை நிமிர்ந்து நோக்கினார்.

"செயின் தளர்ந்திருக்கு, ஏல. போனதும் இறுக்கணும்."