'பி.பி.' யாருடைய வக்கீல்? வில்லியனூர், பாகூர் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

பாகூர் பக்கம் ஒரு வரப்புத் தகராறு. ஒருவருக்கு மண்டை உடைகிறது. போலீஸில் புகார், எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு கோர்ட்டில் அந்த வழக்கை நடத்துவது யார்? அடிபட்டவர் வைக்கும் வக்கீல் இல்லை. அரசு வழக்கறிஞர், அதாவது 'பி.பி.'

அவர் வேலை என்ன?

குற்ற வழக்கை நடத்துவது அரசு. பாதிக்கப்பட்டவர் அதில் பெரும்பாலும் ஒரு சாட்சி மட்டுமே. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உதவி அரசு வழக்கறிஞரும், செஷன்ஸ் கோர்ட்டில் அரசு வழக்கறிஞரும் ஆஜராவார்கள். இவர்களுக்கு ஃபீஸ் தர வேண்டியதில்லை. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவதும் இவர்கள் வேலை இல்லை. சாதகமோ பாதகமோ, எல்லா ஆதாரத்தையும் நீதிபதி முன் வைப்பதே கடமை.

அமெரிக்க சீரிஸில் வரும் 'ஃபெடரல் பிராசிக்யூட்டர்' இங்கே உண்டா?

அமெரிக்காவில் 1789 சட்டம் மாகாண கோர்ட்டுகளுக்கு வெளியே தனியாக ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்களை உருவாக்கி, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு அரசு வழக்கறிஞரையும் கொடுத்தது. இந்தியாவில் அந்த இரட்டை முறை கிடையாது. சி.பி.ஐ. வழக்கு என்றால் அரசுத் தரப்பு வக்கீல் மாறுவார், சிறப்பு கோர்ட் இருக்கலாம். ஆனாலும் மேலே இருப்பது அதே ஹைகோர்ட்தான்.

புதுச்சேரி கதை கொஞ்சம் வேற

18ஆம் நூற்றாண்டில் உள்ளூர் மக்களின் சொத்து, கடன் வழக்குகளை 'சாவடி' நீதிமன்றம் விசாரித்தது. 1819இல் பிரெஞ்சு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பிரெஞ்சு முறையில் அரசுத் தரப்பில் வாதாடும் 'புரோகுரேர்', நீதிபதிகளைப் போலவே நீதித்துறையைச் சேர்ந்தவர். எழுந்து நின்று வாதாடுவதால் இவர்களுக்கு 'நிற்கும் நீதித்துறை' என்றே பெயர்.

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியா வசம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் இணைப்பு சட்டப்படி முழுமையானது. அதே ஆண்டு வந்த சட்டம் புதுச்சேரியை சென்னை ஹைகோர்ட்டின் கீழ் கொண்டுவந்தது. 1963இல் இந்திய தண்டனைச் சட்டம் இங்கும் நீட்டிக்கப்பட்டது. 'புரோகுரேர்' போய் 'பி.பி.' வந்தார்.

யார் நியமிக்கிறார்கள்?

2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். சட்டம் அமலில் இருக்கிறது. அதன் 18ஆவது பிரிவின் பொதுவான விதி இது: மாவட்ட மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதியுடன் கலந்து பட்டியல் தயாரிப்பார்; அதிலிருந்து அரசு நியமிக்கும். குறைந்தது 7 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும்.

நியமிப்பது அரசு என்பதால், ஆளுங்கட்சிக்காரர் மீதான வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னால்? பி.பி. தானே யோசித்து முடிவெடுக்க வேண்டும், கோர்ட்டும் சம்மதிக்க வேண்டும். கேரள சட்டமன்ற ரகளை வழக்கை வாபஸ் பெற அந்த மாநில அரசு முயன்றபோது, 2021இல் சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது.

உங்களுக்கு என்ன உரிமை?

• விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

• கோர்ட் அனுமதியுடன், பி.பி.க்கு உதவியாக சொந்த வக்கீல் வைக்கலாம்.

• வழக்கை வாபஸ் பெறும் முன் உங்கள் தரப்பைக் கோர்ட் கேட்க வேண்டும். இது புதிய சட்டத்தில் சேர்ந்தது.

• குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலையானால் நீங்களே அப்பீல் போகலாம்.

வக்கீல் வைக்கக் காசு இல்லையா? பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு போன் செய்யலாம்.

வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்துக்கு பஸ் ஏறும் முன், ஸ்டேஷனில் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வழக்கு எண், எந்த கோர்ட், அடுத்த வாய்தா தேதி. சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே அரசு வழக்கறிஞரைப் பார்த்துப் பேசுங்கள். உங்கள் வழக்கு அவருக்கு ஒரு ஃபைல். அதில் இல்லாதது உங்களுக்குத்தான் தெரியும்.