உங்களுக்குத் தெரியுமா? காரின் அழகும் காலி வீதியும்

● மொறிஸ் மைனரின் பொனட் நடுவே, முன்னிருந்து பின்னாக ஒரு தட்டையான மேடு ஓடும். அலங்காரம் போலத் தெரியும் அது உண்மையில் ஓர் ஒட்டு. மாதிரி வண்டி ஒடுங்கலாக இருப்பதாகப் பட்டதும், அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் நீளவாக்கில் இரண்டாக அறுக்க வைத்தார். பாதிகளை 4 அங்குலம் விலக்கிய பிறகுதான் அவருக்குத் திருப்தி வந்தது. அதற்குள் பம்பர்கள் தயாராகிவிட்டதால், முதலில் வந்த வண்டிகளுக்கு அவற்றையும் நடுவில் வெட்டித் துண்டு வைத்தார்கள். 1948இல் சந்தைக்கு வந்த கார் இது. கண்ணுக்காகக் கூட்டிய அகலம் தோளுக்கும் இடம் தந்தது. வளைவுகளில் வண்டி நிதானமாக நின்றது. கொழும்பில் இன்னும் ஓடுகிறது. இலங்கையில் செய்த மைனர் தகடுகள் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியானதும் உண்டு.

● பழைய கார்களின் கதவுக்கு மேலே, கூரை ஓரமாக, தகட்டில் ஒரு பீலி இருக்கும். வீட்டுக் கூரைப் பீலிக்குள்ள அதே வேலைதான் அதற்கும். மழையில் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைக்கலாம், கதவைத் திறந்தாலும் தண்ணீர் மடியில் விழாது. காற்றுத் தடை, இரைச்சல், வழவழப்பான தோற்றம் என்று காரணம் சொல்லி 1980களிலிருந்து அதை மெல்ல மெல்ல எடுத்துவிட்டார்கள். ஜப்பானிலிருந்து வரும் கார்களின் ஜன்னல்மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் வைசர், அந்தப் பீலியின் வேலையைத்தான் பார்க்கிறது. மே மாதத்து வெள்ளவத்தை மழையில் அதன் அருமை தெரியும்.

● வெகன் ஆர் ஏன் பெட்டி மாதிரி இருக்கிறது? ஜப்பானியச் சட்டத்தைக் கேட்க வேண்டும். அங்கே வரிச் சலுகையுள்ள 'கெய்' வகைக் காரின் நீளம் 3.4 மீற்றரை, அகலம் 1.48 மீற்றரை, எஞ்சின் 660 சீசீயைத் தாண்டக்கூடாது. உயரத்துக்கு மட்டும் 2 மீற்றர் வரை விட்டுவைத்தார்கள். நீட்டவும் முடியாது, அகட்டவும் முடியாது என்றால் மேலே போவதுதானே வழி? 1993இல், நீள அகல வரம்புகள் இன்னும் இறுக்கமாக இருந்தபோதே, சுசுகி அப்படித்தான் போனது. 'தீப்பெட்டி' என்று கேலி செய்தவர்களும் பிறகு வாங்கினார்கள். இருக்கை உயரமாக இருப்பதால், முழங்கால் வலியுள்ள அம்மம்மா சேலையோடு குனியாமல், பள்ளத்தில் இறங்காமல், பக்கவாட்டில் அப்படியே அமரலாம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் கீழ்த்தளத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டுக் கதவும் திறக்க வேண்டியவருக்கு, அந்த ஒடுங்கல் கடவுள் தந்த வரம்.

● ஹொண்டா வெசெல், டொயோட்டா சீ-எச்ஆர் இரண்டிலும் பின்கதவின் கைப்பிடி ஜன்னலோரத் தூணில், உயரத்தில் ஒளிந்திருக்கும். தூர நின்று பார்த்தால் இரண்டு கதவு விளையாட்டுக் கார் போலத் தெரியவேண்டும் என்பதே நோக்கம். 1997இல் வந்த அல்பா ரோமியோ 156 பரப்பிய மோஸ்தர் இது. சின்னப் பிள்ளைக்குக் கை எட்டாது. சீ-எச்ஆரில் பின்ஜன்னலும் சிறியது. வெளியே பார்க்க முடியாத பிள்ளைக்கு நெரிசலில் தலைசுற்றும், வாந்தி வரும். பின்சீட்டில் யாரையும் ஏற்றாதவர்கள் தாராளமாக வாங்கலாம்.

● பிரியஸ் காற்றைக் கிழிக்கப் பிறந்த உடம்பு. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறையின் காற்றுத் தடை எண் 0.25. ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும்: மணிக்கு 20 கிலோமீற்றரில் இருப்பதைவிட 100இல் அது 25 மடங்கு. தெற்கு அதிவேகப் பாதையில் 100 வரை போகலாம், அங்கே அந்தச் சரிந்த கூரை உழைக்கும். காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஊர்ந்து வரும்போது? அங்கே எரிபொருளை மிச்சம் பிடிப்பது மின்மோட்டர். வடிவம் சும்மா கூடவே வருகிறது. கூரை சரிவதால் பின்சீட்டில் உயரமானவரின் தலை இடிக்கும். பின்கண்ணாடியை இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச் சட்டம், பின்னால் வரும் த்ரீவீலரைச் சரியாக மறைக்கும்.

● நிமிர்ந்த பின்புறமுள்ள கார்களுக்குப் பின் வைப்பர் உண்டு, டிக்கி நீட்டிய கார்களுக்குப் பெரும்பாலும் இல்லை. கஞ்சத்தனம் காரணமல்ல. செங்குத்தாக வெட்டிய பின்புறத்தில் காற்று சுழன்று, சில்லு எறியும் சேற்றுநீரை இழுத்துவந்து கண்ணாடியில் அப்பும். டிக்கி நீண்டால் கண்ணாடி அந்தச் சுழலிலிருந்து விலகி நிற்கும்.

● கறுப்புக் கார் கம்பீரம்தான், சூடும்தான். கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தார் ஒரு கறுப்பு ஹொண்டா சிவிக்கையும் ஒரு வெள்ளிநிற சிவிக்கையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். கூரைகளுக்கிடையே 25 பாகை செல்சியஸ் வரை வித்தியாசம். உள்ளே காற்றில் 5, 6 பாகை.

● முன்கண்ணாடியை அதிகமாகச் சரித்தால் வெயில் தேடிவந்து டாஷ்போர்ட்டில் விழும். அங்குள்ள பொருளெல்லாம் கண்ணாடியில் நிழலாடும். அதற்காகவே டாஷ்போர்ட்டுக்கு இருண்ட நிறம் கொடுக்கிறார்கள். இருண்டதால் அது இன்னும் சூடேறுகிறது. வெள்ளவத்தைப் பிள்ளையாரும் கொட்டாஞ்சேனை அந்தோனியாரும் அமரும் இடம் அதுதான். வெள்ளைத் துணி விரித்து அவர்களை வைத்தால், துணியின் வெளிச்சமே பாதையை மறைக்கும். கரும்பச்சை விரியுங்கள், அவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

● டயரில் 145/80 என்றிருந்தால், அகலம் 145 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 வீதம், அதாவது 116. 215/45 என்றால் சுவர் 97தான். பெரிய அலோய் சில்லும் மெல்லிய டயரும் படத்தில் எடுப்பாக இருக்கும். குழியில் இறங்கும்போது அடியை வாங்குவது அந்த ரப்பர்ச் சுவர். அது மெலிந்தால் மிச்சம் உங்கள் முதுகுக்கு.

● பள்ளிப் பிள்ளைகளையும் யாழ்ப்பாணப் பயணிகளையும் சுமந்த டொல்பின் வானுக்கு நீண்ட மூக்கு இல்லை. எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே. அதனால் வெளியே நீளம் குறைவு, உள்ளே இடம் தாராளம். விலை கொடுப்பது சாரதியின் இருப்பிடம், வவுனியா தாண்டுவதற்குள் வெந்துவிடும்.

● சில ஜப்பானிய ஜீப்களின் இடது மட்கார்ட்டில் காளான் போல ஒரு குட்டிக் கண்ணாடி நிற்கும். சாரதி இருக்கையிலிருந்து, வண்டியின் முன்னும் இடப்பக்கமும் ஒட்டி நிற்கும் 1 மீற்றர் உயரமும் 30 சென்ரிமீற்றர் விட்டமும் கொண்ட உருளை தெரியவேண்டும் என்ற ஜப்பானிய விதிக்காகப் பொருத்தியது. பாலர் வகுப்புப் பிள்ளையின் அளவு. உயர்ந்த பொனட் மறைப்பதை இது காட்டுகிறது. அசிங்கம் என்று கழற்றுவோர் உண்டு, கழற்றாதீர்கள்.

● 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இப்போது வாங்கப் போகிறவர் காட்சியறைக்கு ஒரு வெற்று காஸ் சிலிண்டரைக் கொண்டுபோவது நல்லது. டிக்கியின் வாசல் எவ்வளவு உயரம், சிலிண்டர் நிமிர்ந்து நிற்குமா என்று தூக்கிவைத்துப் பாருங்கள். விற்பனையாளர் சிரிப்பார், சிரிக்கட்டும், நிரப்பிய சிலிண்டரைத் தூக்கப்போவது அவரில்லை.