பாதுகாப்பான நாடுதான்... ஆனால் உண்ணி கடிக்கும்! ஸ்லோவேனியா செல்பவர்கள் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

ஏரி நடுவே ஒரு குட்டித் தீவு. தீவின் மேல் ஒரு தேவாலயம். பின்னணியில் செங்குத்துப் பாறை மீது ஒரு கோட்டை. ஐரோப்பிய டூர் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "சுவிட்சர்லாந்துதானே?" என்று கேட்பவர்கள் நிறைய பேர். இல்லை. அது ஸ்லோவேனியாவில் இருக்கும் பிளெட் ஏரி.

இத்தாலி, ஆஸ்திரியா, ஹங்கேரி, குரோவேஷியா ஆகிய நான்கு நாடுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன நாடு ஸ்லோவேனியா. மக்கள்தொகை சுமார் 21 லட்சம். 2024-ம் ஆண்டின் உலக அமைதிக் குறியீட்டில் 163 நாடுகளில் 9-வது இடம் பிடித்தது. இரவு பத்து மணிக்குத் தலைநகர் லூப்லியானாவின் ஆற்றங்கரையில் தனியாக நடந்து போனாலும் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை.

அப்படியென்றால் எச்சரிக்கை எதற்கு? இங்கே ஆபத்து பெரும்பாலும் மனிதர்களிடமிருந்து வருவதில்லை. நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி காடு. வடக்கிலும் வடமேற்கிலும் ஆல்ப்ஸ் மலை. நடுவே பனி உருகி ஓடும் ஆறுகள். பார்க்க அழகாக இருக்கும் இந்த மூன்றிலும்தான் விஷயம் இருக்கிறது.

உண்ணிக்கு ஏன் இத்தனை பயம்?

தெற்கே உள்ள காடுகளில் பழுப்புக் கரடிகள் உண்டு. ஆனால், உள்ளூர்க்காரர்கள் கரடியைவிட அதிகம் கவலைப்படுவது கடுகளவு இருக்கும் ஓர் உண்ணியைப் பார்த்துத்தான். புல், புதர், காட்டு ஓரங்களில் இருக்கும் இந்த உண்ணி, வசந்தகாலம் தொடங்கி இலையுதிர் காலம் வரை சுறுசுறுப்பாக இருக்கும். கடித்தால் வலிக்காது. அதனால் பலருக்குக் கடித்ததே தெரியாது.

இது இரண்டு நோய்களைப் பரப்பக்கூடியது. ஒன்று, லைம் நோய். பாக்டீரியாவால் வருவது. சில நாள் முதல் சில வாரங்களுக்குள், கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போல ஒரு தடிப்பு விரிந்துகொண்டே போகும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆன்டிபயாடிக் மாத்திரைகளில் குணமாகிவிடும்.

இரண்டாவதுதான் கவலைக்குரியது. உண்ணி வழியாகப் பரவும் மூளைக்காய்ச்சல். இது வைரஸால் வருவதால், வைரஸை அழிக்கும் மருந்து இதற்கு இல்லை. முதலில் சாதாரண ஃப்ளூ போலக் காய்ச்சல், உடம்புவலி வரும். சில நாள்களில் சரியாகிவிடும். "அப்பாடா, போயிடுச்சு" என்று நினைக்கும்போது, சிலருக்குக் கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், குழப்பம் என இரண்டாம் கட்டம் தொடங்கும். பிழைத்தவர்களில் சிலருக்கு மாதக்கணக்கில் தலைவலியும் ஞாபக மறதியும் நீடிக்கலாம்.

நம்மூரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்கிறோமே, அதுவா இது? இல்லை. அது ஸ்க்ரப் டைஃபஸ். பாக்டீரியாவால் வருவது, மருந்து உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்த மூளைக்காய்ச்சல் ஐரோப்பாவிலேயே அதிகம் பதிவாகும் நாடுகளில் ஒன்று ஸ்லோவேனியா. 2019 முதல் குறிப்பிட்ட வயதுப் பிரிவினருக்கு அந்நாட்டு அரசே இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது என்றால், விஷயம் எவ்வளவு தீவிரம் என்று புரிந்துகொள்ளலாம்.

என்ன செய்ய வேண்டும்?

லூப்லியானாவையும் பிளெட் ஏரியையும் மட்டும் இரண்டு நாளில் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களுக்கு ஆபத்து குறைவு. காட்டுப் பாதைகளில் நடப்பது, கேம்ப் போடுவது, பண்ணை வீடுகளில் தங்குவது என்று திட்டம் இருந்தால் தடுப்பூசி பற்றி முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். இது ஒரே ஊசியில் முடிவதில்லை, மூன்று தவணைகள். முதல் இரண்டு தவணைகளுக்கு இடையே வழக்கமாக 1 முதல் 3 மாத இடைவெளி வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் யோசித்துப் பயனில்லை.

காட்டுக்குள் போகும்போது முழுக்கை சட்டை, முழுநீள பேன்ட். பேன்ட்டின் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கோமாளி மாதிரி இருக்கும், பரவாயில்லை. அறைக்குத் திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்பக்கம், குழந்தைகளுக்குத் தலைமுடி ஆகிய இடங்களைச் சோதிக்க வேண்டும்.

உண்ணி ஒட்டியிருந்தால், முனை கூர்மையான ட்வீசரால் தோலுக்கு மிக நெருக்கமாகப் பிடித்து, நேராக மேலே இழுத்து எடுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். எடுத்த தேதியையும் கடித்த இடத்தையும் போனில் குறித்து வையுங்கள். இந்தக் குறிப்பு பின்னால் உதவும்.

இன்னொரு விஷயம்: காய்ச்சாத ஆட்டுப்பால், அதில் செய்த சீஸ் வழியாகவும் இந்த வைரஸ் பரவலாம். பண்ணை வீட்டில் அன்போடு கொடுத்தாலும், "பாஸ்டரைஸ் செய்ததா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மலை ஏறலாமா?

ஸ்லோவேனியாவின் உயரமான சிகரம் திரிக்லாவ். 2,864 மீட்டர். அந்நாட்டின் கொடியிலேயே இடம்பெற்றிருக்கும் மலை இது. ஊட்டியின் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம்தானே உயரம் என்று நினைத்துவிட வேண்டாம். தொட்டபெட்டாவுக்குக் காரில் போகலாம். இங்கே கடைசிப் பகுதியில் பாறையில் அடித்த இரும்பு முளைகளையும் கம்பிவடத்தையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். ஹெல்மெட், பாதுகாப்பு பெல்ட், வழிகாட்டி இல்லாமல் முயலக் கூடாது.

மலைப் பாதைகளை எளிது, கடினம், மிகக் கடினம் என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளைப் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வளையம் வரைந்திருந்தால் அதுதான் வழி. வளையம் கண்ணில் படவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். கோடைக்காலப் பிற்பகல்களில் இடி மின்னல் சகஜம். அதிகாலையில் கிளம்பி, மதியத்துக்குள் இறங்கிவிடுவதுதான் அங்கே நடைமுறை.

கிளம்பும் முன் அந்நாட்டு வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பார்ப்பது அவசியம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறத்தில் சொல்வார்கள். 2023 ஆகஸ்ட்டில் பெய்த பெருமழையில், 1991-ல் சுதந்திரம் பெற்ற பிறகு அந்நாடு பார்த்திராத அளவுக்கு வெள்ளம் வந்தது. ஆரஞ்சு, சிவப்பு என்றால் திட்டத்தை மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் எப்படி?

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். குடிநீரைப் பெறுவது மக்களின் உரிமை என்று 2016-ல் அரசியலமைப்பிலேயே சேர்த்த நாடு அது. பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

ஆனால், குடிக்கும் தண்ணீர் வேறு, குதிக்கும் தண்ணீர் வேறு. மரகதப் பச்சையில் ஓடும் சோச்சா ஆற்றைப் பார்த்தால் யாருக்கும் இறங்கத் தோன்றும். மலையிலிருந்து வரும் நீர் என்பதால் ஆகஸ்ட் மாதத்திலும் சில்லென்றுதான் இருக்கும். திடீரெனக் குதித்தால் மூச்சு தன்னிச்சையாக உள்ளிழுக்கும். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கும் ஆபத்து. கரையோரம் மெதுவாக இறங்குங்கள். படகுச் சவாரி என்றால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

போஸ்டோய்னா குகைக்குள் ஆண்டு முழுக்க சுமார் 10 டிகிரிதான். வெளியே வெயில் கொளுத்தினாலும் ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள்.

சாலையில்..?

அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். லூப்லியானாவில் சைக்கிளுக்குத் தனிப் பாதை உண்டு. அதில் நின்று செல்ஃபி எடுத்தால் மணியடித்துக்கொண்டே வந்து மோதிவிடுவார்கள். வாடகைக் கார் ஓட்டினால் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். நெடுஞ்சாலைக்கு 'வின்யெட்' எனும் மின்னணுக் கட்டணம் செலுத்தப்பட்டிருக்கிறதா என்று கார் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸில் எதைப் பார்க்க வேண்டும்?

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பலரும் விசாவுக்காக இருப்பதிலேயே மலிவான பாலிசியை எடுத்துவிட்டு, அதைப் படிப்பதே இல்லை. மூன்று விஷயங்களை மட்டுமாவது பாருங்கள். மலையேற்றமும் மலை மீட்பும் அதில் அடக்கமா? ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்குப் பணம் கிடைக்குமா? மருத்துவமனைக்கு அவர்களே நேரடியாகக் கட்டுவார்களா, நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா?

வழக்கமான மாத்திரைகளைப் பயண நாள்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். அங்கே மருந்துக்கடைக்குப் பெயர் 'லெகார்னா'. பச்சைச் சிலுவை அடையாளம் இருக்கும். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கிடைக்காது. நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களையும் இறைச்சியையும் இங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அவசர எண்கள் இரண்டு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மலை மீட்புக்கு 112. போலீஸுக்கு 113.

ஊர் திரும்பிய பிறகு..?

முக்கியமான கட்டம் இதுதான். உண்ணி வழி மூளைக்காய்ச்சலின் அறிகுறி பெரும்பாலும் கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்தே தெரியும். அதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். காய்ச்சல் என்று போனால், இங்குள்ள மருத்துவர் டெங்கு, டைஃபாய்டு, மலேரியாவுக்குத்தான் முதலில் டெஸ்ட் எழுதுவார். அது அவர் தவறல்ல. ஸ்லோவேனியக் காட்டில் நீங்கள் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

எனவே, திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ, விரியும் சிவப்புத் தடிப்போ, கடும் தலைவலியோ வந்தால், "டாக்டர், நான் ஸ்லோவேனியா போயிருந்தேன், இந்தத் தேதியில் உண்ணி கடிச்சுது" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். உண்ணி கடித்ததே தெரியவில்லை என்றாலும், எந்த நாட்டுக்குப் போனீர்கள், காட்டுக்குள் நடந்தீர்களா என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.