தனுஷ்கோடி பேயைப் பிடிக்கலாமா? மாணவர்களுக்கு அறிவியல் சோதனை சொல்லித்தர ஒரு விளையாட்டு!

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் தனுஷ்கோடி. ரயிலையே கடல் கொண்டுபோன இடம். சிதைந்த தேவாலயத்தைப் பார்க்க ராமேஸ்வரம் வர்றவங்க, "ராத்திரியில அங்க பேய் நடமாடுதாமே" என்ற கதையையும் கூடவே கொண்டுபோறாங்க. இந்தக் கதையை வைத்தே வகுப்பறையில் அறிவியல் சொல்லித்தரலாம்.

விளையாட்டு என்ன?

ஒரே வகை, ஒரே அளவில் இரண்டு கிளிஞ்சல்கள். ஒன்று தனுஷ்கோடி கரையில் எடுத்த 'பேய்க் கிளிஞ்சல்'. இன்னொன்று பாம்பன் கரையில் எடுத்தது. "பேய்க் கிளிஞ்சலைத் தொட்டா சில்லுனு இருக்கு" என்கிறார் ஒரு மாணவர். உண்மையா?

எப்படிச் சோதிப்பது?

* இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருக்கணும். ஒன்று நிழலில், ஒன்று வெயிலில் கிடந்தால் சில்லிப்புக்குக் காரணம் பேய் இல்லை, நிழல்தான்.

* எதைப் பைக்குள் போடுவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யணும்.

* மாணவர் பார்க்காமல் கையை விட்டுத் தொட்டுச் சொல்லணும். பையை நீட்டுபவருக்கும் உள்ளே இருப்பது எது எனத் தெரியக்கூடாது. தெரிந்தால் முகமே காட்டிக்கொடுத்துடும்.

* 20 முறை செய்யணும். குருட்டாம்போக்கில் சொன்னாலே சுமார் 10 சரியாக வரும். 15 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு சுமார் 2 சதவீதம்தான். எத்தனை சரியானால் ஏற்பது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவைக்கணும்.

நிஜத்தில் யாராவது செய்திருக்காங்களா?

வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் குழு மகாராஷ்டிராவில் ஜோதிடத்தை இப்படித்தான் சோதித்தது. நன்றாகப் படிக்கும் 100 பேர், அறிவுத்திறன் குறைபாடுள்ள 100 பேர் என 200 குழந்தைகளின் ஜாதகங்கள். 27 ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, எது எந்தப் பிரிவு எனக் கேட்டார்கள். சரியாகச் சொன்னது சராசரியாக 46 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 வரும்!

இது ஏன் முக்கியம்?

இதே ராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயைப் பேய் பிடித்ததாக நம்பி, குணமாகும் என்று பலரை உறவினர்களே அங்கே அழைத்து வந்த காலம் அது.

"அங்க போனாரு, சரியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால், போகாதவர்களுக்கு என்ன ஆச்சு, மருந்து எடுத்தவர்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்கணும். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதுவும் நிரூபணம் ஆகாது.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். தனுஷ்கோடியில் இறந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் இந்தக் கரையில் வாழ்றாங்க. கேலி செய்வது நம்ம வேலை இல்லை. கிளிஞ்சலைக் கையில் எடுத்து, "எப்படித் தெரியும்?" என்று ஒரு மாணவி கேட்டால் போதும்.