ஒரே வாசலை நம்பிய தொழில்

அறுகம்குடாக் கடலில் வெளிநாட்டார் பலகையொன்றின் மேல் ஏறி நின்று அலையோடு சறுக்கி வருவதை எம்மவரிற் பலர் கண்டிருப்பர். எமக்கு அது விளையாட்டுப் பொருள். ஆயினும் அப்பலகையைச் செய்தே சீவிக்கும் குடும்பங்கள் அமெரிக்காவின் கலிபோர்ணியாக் கரையோரத்தில் உண்டு. அவர்களுக்கு 2005ஆம் ஆண்டு நேர்ந்த நெருக்கடி, விதைக்கும் உரத்துக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் எமது கமக்காரக் குடும்பங்களும் சிந்திக்க வேண்டியதொன்றாகும்.

பலகை உருவாகும் விதம்

முன்னாளில் இப்பலகைகளை ஈக்குவடோர் நாட்டிலிருந்து வந்த பல்சா என்னும் இலேசான மரத்தில் செய்தனர். நல்ல மரம் போதியளவு கிடைக்காமையால், 1950களின் பிற்பகுதியில் ஹோபி ஆல்ற்றர், கோர்டன் கிளார்க் ஆகிய இருவரும் பொலியூரிதேன் என்னும் இரசாயன நுரையை நாடினர். திரவங்களைக் கலந்து அச்சில் வார்த்தால் அது பொங்கி இறுகும். அக்கட்டியை நெடுக்காக அறுத்து, நடுவே மெல்லிய மரச்சட்டம் வைத்து ஒட்டுவர். பட்டறைக்காரர் இம்மூலக்கட்டியை வாங்கிச் சீவி, கண்ணாடி இழைத் துணி போர்த்து, பிசின் பூசிப் பலகையாக்குவர்.

1961இல் கிளார்க் தனியே நடத்தத் தொடங்கிய தொழிற்சாலையின் கட்டிகள் தரமானவை, விலையும் குறைவு, அளவுகளும் பல. ஆகவே பட்டறைக்காரர் வேறிடம் தேடவில்லை. காலப்போக்கில் அமெரிக்காவில் விற்பனையான கட்டிகளில் நூற்றுக்கு 90 வரை அங்கிருந்தே வந்தன என மதிப்பிடப்பட்டது.

கதவு மூடிய நாள்

2005 டிசெம்பர் 5ஆம் திகதி திங்கட்கிழமை, முன்னறிவித்தல் எதுவுமின்றி கிளார்க் தொழிற்சாலையை மூடினார். வாடிக்கையாளருக்குத் தொலைநகலில் ஏழு பக்கக் கடிதமொன்றே சென்றது. ரி.டி.ஐ. எனப்படும் நச்சு இரசாயனத்தின் பாவனை, அது தொடர்பான அரச கட்டுப்பாடுகள், தொழிலாளரின் நட்டஈட்டுக் கோரிக்கைகள் ஆகியவற்றை அவர் காரணம் காட்டினார். அச்சுக்களும் அழிக்கப்பட்டன. வேறொருவர் வாங்கித் தொடரவும் வழியில்லாது போயிற்று.

கட்டிகளின் விலை சில இடங்களில் இரட்டித்தது. பணமுள்ளவர் எஞ்சியதை வாரிக்கொண்டனர். சிறு பட்டறைகளிற் சீவுவோரும் தேய்ப்போரும் வேலையின்றி நின்றனர். சிலர் அவுஸ்திரேலியாவிலிருந்து கட்டிகளைத் தருவித்தனர். வேறு சிலர் ரெஜிபோம் வகைக் கட்டிக்கு மாறினர். ஆனால் வழக்கமான பொலியெஸ்ரர் பிசின் அதனைக் கரைத்துவிடும். எனவே எப்பொக்சி என்னும் வேறு பிசினையும் அதற்குரிய கைப்பக்குவத்தையும் பழக வேண்டியதாயிற்று. 2006இல் புதிய தொழிற்சாலைகள் தோன்றிய பின்னரே நெருக்கடி தணிந்தது.

நாம் கற்க வேண்டியவை

தொழிலாளரை நஞ்சிலிருந்து காக்கும் சட்டங்களை நாம் குறைகூற முடியாது. உலகில் மூலப்பொருள் அற்றுப்போகவும் இல்லை. அச்சும் அனுபவமும் ஓரிடத்திலேயே குவிந்திருந்தமைதான் இடர். கையிருப்பு உள்ளவரும், மாற்றுப் பொருளை முன்னரே பரீட்சித்தவரும் இத்தகைய வேளையில் இலகுவாக எழும்புவர்.

2021இல் எமது நாட்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, சேதன உரத்துக்கு மாற ஆயத்தமின்றி நின்ற கமக்காரர் பட்ட பாட்டை நாம் அறிவோம். தடை அவ்வாண்டு நவம்பரில் நீங்கியது; ஆனால் காலபோக நெல் விளைச்சல் வீழ்ந்தது வீழ்ந்ததே.

ஆகவே, விளைச்சலில் நல்லதைத் தெரிந்து விதைநெல்லாக ஒதுக்குவோம். கலப்பின விதை அடுத்த போகத்தில் அதே குணத்தைத் தராது என்பதால், நாட்டு இனங்களையும் கைவிடாதிருப்போம். கூட்டெரு செய்யும் முறையை முட்டு வருமுன்னரே சிறு பாத்தியிற் பழகுவோம். உள்ளீடுகளைச் சங்கமாகச் சேர்ந்து இரண்டு மூன்று இடங்களில் வாங்குவோம்.

சொந்தக் காணியை விட்டு வந்திருக்கும் குடும்பங்களுக்கு இது கடினமே. எனினும் பயறு, கௌபி, மிளகாய் விதைகளை நன்கு உலர்த்திச் சாம்பல் கலந்து, மூடிய போத்தலில் வைக்கக் காணி வேண்டியதில்லை. மீண்டும் மண் கையிற் கிடைக்கும் நாளில், விதைக்காக எவர் வாசலிலும் காத்து நிற்க வேண்டியிராது.