பாத்திக் துணி விற்று வாங்கிய நிலம்

அண்ணன் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஃப்.ஏ. படிக்கப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து வீட்டில் ஒரே பஞ்சாயத்து. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் ஐ.டி.ஐ. உண்டு, டிப்ளமோ உண்டு, என்னைப்போல பி.இ. முடித்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களும் உண்டு. ஓவியம் படித்தவர் ஒருத்தர்கூட இல்லை. எண்ணூர் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். "படம் வரைஞ்சா வாடகை யாருடா குடுப்பா?"

பையன் என்னைப் பார்த்தான். சித்தப்பா எதையாவது தேடிப் படித்து வைத்திருப்பார், காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை. எனக்கோ அண்ணன் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. கல்வெட்டு, பழைய வரைபடம் என்று அலைபவனுக்கு இது புது வேலை. கலைஞர்களின் வாழ்க்கை பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தேன், ஆனால் படங்களைப் பற்றியல்ல, செலவுக் கணக்கைப் பற்றி.

முதலில் கண்காட்சிக் கணக்கு. தனிநபர் கண்காட்சி என்றால் ஒரு சுவரையாவது நிறைக்க இருபது படம் வேண்டும். கேன்வாஸ், வண்ணம், ஃப்ரேம், ஏற்றி இறக்கும் வண்டி, அரங்க வாடகை, அழைப்பிதழ் எல்லாம் முதலிலேயே கையிலிருந்து போகும். விற்றால் கேலரிக்கு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கமிஷன். விற்காவிட்டால் அதே வண்டியில் இருபது படமும் வீடு திரும்பும், அவற்றை வைக்க இடம் வேண்டும். இதில் எங்கே கை வைத்தாலும் இரண்டு விஷயத்தில்தான் வந்து நிற்கிறது: இடம், நேரம். படம் விற்பது மூன்றாவதுதான். இதை நான் கண்டுபிடித்ததாக நினைத்துக் கொண்டிருந்தேன். கே.சி.எஸ். பணிக்கர் அறுபது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்து, அதற்கு ஒரு வழியும் செய்து வைத்திருக்கிறார்.

பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தார். அந்த வேலையை உதறிவிட்டு 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தபோது வயது 25. (தந்தித் துறையை விட்டு ஓவியத்துக்குப் போனவர் என்றதும் எனக்கு லேசாக வயிறு கலங்கியது. அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.) 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். 1957இல் அதே பள்ளிக்கு முதல்வரானார். எழும்பூர் பக்கம் பெரியமேட்டில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்று இருக்கிறதே, அதுதான். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் ஆரம்பித்தது.

முதல்வர் நாற்காலியில் இருந்தவருக்கு வருஷாவருஷம் கண்ணில் பட்டது ஒரே காட்சிதான். நல்ல மாணவன் படித்து முடிப்பான், வெளியே போவான், வேலை தேடுவான், அத்தோடு தூரிகை நின்றுவிடும். அன்றைய மதராஸில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குபவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்தப் பள்ளியிலேயே கைத்தொழில் பிரிவுகள் இருந்தன. துணி, மண்பாண்டம், உலோகம். படத்துக்கு இல்லாத சந்தை இவற்றுக்கு இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் பணிக்கரும் மாணவர்களும் ஓவியர் கைவினைச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, பாத்திக் துணி, தோல் வேலை, உலோகப் பொருட்கள் என்று செய்து விற்க ஆரம்பித்தார்கள்.

பாத்திக் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது மிகவும் பிடித்துப் போய்விட்டது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, அவ்வளவுதான் சூத்திரம். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை உருக்கிய மெழுகால் மூடிவிட்டு, துணியை வெளிர் மஞ்சளில் முக்குவார்கள். காய்ந்ததும் மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தை மூடிவிட்டு அடுத்த நிறம். இப்படி வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போய், கடைசியில் கொதிநீரில் போட்டால் மெழுகு கழன்று விடும். சாயம் குளிர்ந்த நீரிலேயே பிடிப்பதாக இருக்க வேண்டும், சூடு பட்டால் மெழுகு உருகி எல்லாம் பாழ். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், பாரஃபின் நொறுங்கும். இரண்டையும் கலக்கும் அளவை வைத்துத்தான் அந்த மெல்லிய வெடிப்புக் கோடுகள் விழுகின்றன. முழுப்படத்தையும் தலைகீழாக யோசித்து வைத்துக் கொண்டு இறங்க வேண்டும். நடுவில் அண்டூ கிடையாது. ஓவியம் படித்தவன் கை இதில் சும்மா போகாது என்று தோன்றுகிறது.

அந்தத் துணி விற்ற காசைச் சேர்த்துத்தான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் பத்து ஏக்கர் வாங்கினார்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று பெயர். அரசாங்கம் கொடுத்த இடமில்லை, எந்தப் பணக்காரரும் தானமாகக் கொடுத்ததும் இல்லை. மனையை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொண்டார்கள், பட்டறையும் காட்சிக்கூடமும் பொது. முதலில் குடிசைகள்தான். நாளில் ஒரு பகுதி கைவேலை, மிச்ச நேரம் அவரவர் படம். அடுப்பு எரிய பாத்திக், மனசு எரிய ஓவியம் என்று நான் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன், கொஞ்சம் ஓவராக இருந்ததால் அடித்துவிட்டேன்.

சிலர் இதைக் குறையாகவும் சொன்னார்கள். துணிக்குச் சாயம் போடுகிறவன் என்ன ஓவியன் என்று. எனக்கு அது அர்த்தமற்ற பேச்சாகத் தெரிகிறது. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை 1963இல் தொடங்கியது. ஜாதகக் கட்டம் மாதிரி, கணக்கு நோட்டு மாதிரி, படிக்க வராத எழுத்துகளாக நிறைந்த படங்கள். அவர் பெயர் நிற்பதே பெரும்பாலும் இவற்றால்தான். சங்கம், பாத்திக், நிலம் எல்லாம் அதே வருஷங்களில் நடந்தவை. கைத்தொழில் இந்தப் படங்களைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

எல்லாருக்கும் அது சொர்க்கமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. அக்கித்தம் நாராயணனும் விஸ்வநாதனும் அறுபதுகளிலேயே பாரிஸுக்குப் போய்விட்டார்கள். எஸ்.ஜி. வாசுதேவ் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு 1988இல் பெங்களூருக்குப் போனார். கனவு மாளிகைகளை மையில் வரைந்த ராமானுஜம் முப்பது சொச்சம் வயதில், 1973இல், தற்கொலை செய்து கொண்டார். தலைக்கு மேல் கூரையும் சுற்றிலும் நண்பர்களும் இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இந்தப் பகுதியைப் பையனுக்குச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், பிறகு சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

வேறு வழியும் உண்டு. கே.எம். ஆதிமூலம் அதே கல்லூரிதான். நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக் கொண்டே வரைந்தார். காந்தியைக் கோட்டோவியமாக நூறுக்கு மேல் வரைந்தார். தமிழ்ப் புத்தகங்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் அட்டையும் எழுத்துருவும் செய்தார். மாதச் சம்பளம் என்றதும் அண்ணன் முகம் தெளிந்தது. "இந்த ஆளு பரவாயில்ல" என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சோழமண்டலம் போனோம். காசிமேடு வழியாக இரண்டு வண்டியில். ராயபுரம் தொட்டு எண்ணூர் வரை கரைக்குக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வர வேண்டிய மணலைத் துறைமுகச் சுவர் தடுத்துவிடுவதால், மெரினாவில் கரை அகலமானது, எங்கள் பக்கம் கடல் உள்ளே வந்தது. அதைத் தாண்டி ஈ.சி.ஆரில் ஏறியபோது அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துக் கொண்டே வந்தார். அங்கே சதுர அடி என்ன விலை என்று அவருக்குத் தெரியும்.

பணிக்கரின் வழியில் இன்று திரும்பச் செய்ய முடியாத பகுதி இதுதான். 1966இல் அது ஊருக்கு வெளியே இருந்த மணல்மேடு. ஈ.சி.ஆர். என்ற அகலச் சாலையே 1998இல்தான் வந்தது. இன்றைக்கு எத்தனை துணி விற்றாலும் அங்கே பத்து ஏக்கர் வாங்க முடியாது. ஆனால் மற்ற பகுதி, அதாவது பத்துப் பேர் சேர்ந்து ஒரு பட்டறை வாடகையைப் பகிர்வது, விற்கிற ஒரு கைத்தொழிலைக் கையில் வைத்துக் கொள்வது, கண்காட்சியைக் கூட்டாக நடத்துவது, இதெல்லாம் இப்போதும் முடியும். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் கலைஞர்களுக்கான பொதுப் பட்டறைகள் உண்டு. நிலம் வாங்காமல் ஆரம்பிக்க இடமிருக்கிறது.

உள்ளே 2009இல் திறந்த அருங்காட்சியகத்தில் பையன் ஓவியங்கள் முன்னால் நின்றுவிட்டான். அண்ணன் உலோகச் சிற்பங்களிடம் போனார். பி.வி. ஜானகிராம், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் வகையறா. தகட்டை அடித்து, வெட்டி, கம்பி வைத்துப் பற்றவைத்தவை. அண்ணன் குனிந்து ஜாயின்ட்டை எல்லாம் பார்த்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"முன்னாடிதாண்டா வேல எல்லாம். பின்னாடி ஒண்ணும் இல்ல."

விமர்சகர்கள் இதை முன்முகத்தன்மை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தோடு ஒப்பிடுவார்கள் என்றேன். அண்ணனுக்கு உடனே புரிந்தது. எங்கள் ஊர் ஆதிபுரீசுவரருக்கு வருஷம் முழுக்கக் கவசம்தான், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கழற்றுவார்கள். "அப்டி சொல்லு" என்று திரும்பவும் முன்பக்கம் வந்து நின்றார். அங்கேயே பத்து நிமிஷம் நின்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு விண்ணப்பத்தை எடுத்து வைத்தோம். ஓவியம், சிற்பம், துணி, மண்பாண்டம், அச்சு என்று பிரிவுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பையன் ஓவியம் என்றான். அண்ணன் கையைத் துடைத்துக் கொண்டே கேட்டார், "சிற்பம் எடுத்தா வெல்டிங் ராடு அவங்க குடுப்பாங்களா, நாம வாங்கணுமா?"