வாளும் மந்திரமும்: விட்டலாச்சார்யா படங்களும் தமிழ்க் கதைமரபும்

தமிழ்த் திரைப்படம் பற்றிய கல்வித்துறை ஆய்வுகள் திராவிட இயக்க உரையாடல், நட்சத்திர அரசியல், பாடலிலக்கியம் எனப் பல துறைகளில் விரிந்துள்ளன. ஆயினும், வாள் சுழற்றும் இளவரசனும், எலுமிச்சம்பழத்தை உருட்டி மந்திரம் முணுமுணுக்கும் மாந்திரீகனும், புகையில் தோன்றிப் புகையில் மறையும் பேய்களும் நிறைந்த மலிவான மாயாஜாலப் படங்கள் அவ்வாய்வுகளில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட அரிதாகவே இடம்பெறுகின்றன. 'அது விட்டலாச்சார்யா படம்' என்னும் தொடர் நம்மிடையே நம்பத்தகாத எதற்கும் கேலிப்பெயராக வழங்கி வருவது இப்புறக்கணிப்பின் அடையாளம் எனலாம். இக்கேலி முற்றிலும் தகாதது அன்று. ஆனால் அதற்குள் மறைந்து கிடக்கும் ஒரு கதைமரபைத் தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆங்கிலப் புனைகதை உலகில் இவ்வகைக்கு 'வாளும் மந்திரமும்' என்னும் பொருள்படும் பெயரை 1961-இல் எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபர் சூட்டினார். 1982-இல் 'கோனன்' படம் பெற்ற வெற்றியைத் தொடர்ந்து, அதன் நிழலில் காசு பார்க்க எண்ணிய சிறு படங்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் வரிசையாக வந்தன. 'ஏட்டர்' (1982), ரோஜர் கோர்மன் தயாரிப்பான 'டெத்ஸ்டாக்கர்' (1983) ஆகியன அவற்றுள் சில. அவை ஒரு பெரிய படத்தின் ஏழை நகல்கள். தென்னிந்திய மாயாஜாலப் படங்களோ அவற்றுக்கு முப்பது ஆண்டுகள் முற்பட்டவை. திரைப்படத்தினும் பழைமையான ஒன்றிலிருந்து கிளைத்தவை. இவ்வேறுபாடு முதன்மையானது.

கதைமரபின் வேர்

பி. விட்டலாச்சார்யா (1920–1999) கர்நாடகத்தின் உடுப்பிப் பகுதியைச் சேர்ந்தவர். மைசூரில் மகாத்மா பிக்சர்ஸ் நிறுவனத்தில் பங்கேற்று 'நாககன்னிகா' (1949) போன்ற கன்னடப் படங்களின் ஆக்கத்தில் ஈடுபட்டார். பின்னர்ச் சென்னைக்கு வந்து தெலுங்குப் படவுலகில் நிலைபெற்று, 'ஜானபத பிரம்மா', அதாவது நாட்டுப்புறக் கதைகளின் பிரம்மா, எனப் பெயர் பெற்றார். 'மதனகாமராஜு கத' (1962), 'ஜ்வாலாத்வீப ரகசியம்' (1965), 'ஜகன்மோகினி' (1978) என அவர் படங்கள் தொடர்ந்தன. அவற்றுட் பல தமிழில் மொழிமாற்றம் பெற்றுத் தமிழகத்துச் சிற்றூர்க் கொட்டகைகளிலும் பின்னாளில் ஒளிநாடாக்கள் வழி மலேசியத் தமிழர் இல்லங்களிலும் இடம்பிடித்தன.

மேற்கூறிய பெயர்களில் 'மதனகாமராஜன்' என்பது நோக்கத்தக்கது. மதனகாமராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை, பன்னிரண்டு மந்திரிமார் கதை ஆகியவை 'பெரிய எழுத்து' நூல்களாகச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்கப்பட்டவை. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டவை. அறிஞர் நடேச சாஸ்திரி 1886-இலேயே மதனகாமராஜன் கதையை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கதைக்குள் கதை, கூடுவிட்டுக் கூடு பாய்தல், ஏழு கடல் தாண்டிக் கிளியின் உடலில் ஒளித்துவைக்கப்பட்ட அரக்கனின் உயிர் ஆகியன இந்நூல்களின் உயிர்நாடி. இவற்றுட் பின்னது ஸ்டித் தாம்சனின் கதைக்கூறு அட்டவணையில் தனித்தலைப்பே பெற்றிருக்கிறது. விட்டலாச்சார்யா புதிதாகக் கற்பனை செய்தது குறைவு. இச்சரக்கை எடுத்துத் திரைக்கு ஏற்றினார்.

இச்சரக்கு சந்தை நூல்களோடு நின்றுவிடுவதன்று. மணிமேகலையில் மணிமேகலா தெய்வம் காப்பியத் தலைவிக்கு அளிக்கும் மந்திரங்கள் மூன்று: வேற்றுருக் கொள்வது, வானில் செல்வது, பசி நீக்குவது. உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகையின் உருவெடுக்கிறாள். காயசண்டிகையின் கணவனாகிய விஞ்சையன் காஞ்சனன், அவளைத் தன் மனைவி எனவே எண்ணி மயங்கி, அவளை நாடி வந்த உதயகுமரனை வாளால் வெட்டுகிறான். உருமாற்றம், ஆள்மாறாட்டம், வான்வழி வந்த வித்தியாதரன், இருளில் வீசப்பட்ட வாள் எனத் திரைக்கதைக்கு வேண்டிய அனைத்தும் இங்கே உள்ளன. வகுப்பறையில் இதனை நாம் பெருமிதத்தோடு நடத்துகிறோம். இதே கதைக்கூறுகள் அட்டைக் கிரீடம் அணிந்து திரையில் வரும்போது முகம் சுளிக்கிறோம்.

கண்கட்டு வித்தையின் செலவுக் கணக்கு

முகம் சுளிப்பதற்குக் காரணம் கிரீடம் மட்டுமன்று. இப்படங்களில் தந்திரம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒருவர் மறைய வேண்டுமாயின், ஒளிப்பதிவுக் கருவியை அசையாமல் நிறுத்திவிட்டு, நடிகரை வெளியேற்றி, மீண்டும் பதிவைத் தொடங்குவர். 1896-இல் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் மெலியே கையாண்ட உத்தி இது. இணைப்பில் நேரும் சிறு அதிர்வை மறைக்கவே அந்தப் புகை! ஒருவரே இருவராகத் தோன்ற, வில்லையின் பாதியை மறைத்து ஒருமுறையும், மறுபாதியை மறைத்து அதே சுருளில் மறுமுறையும் பதிவுசெய்வர். எறிந்த வாள் கைக்குத் திரும்பிவர, காட்சியைத் தலைகீழாக ஓட்டினால் போதும். பொறுமையும் கணக்கும் வேண்டிய வேலை. ஆனால் பெரும்பொருள் வேண்டாத வேலை.

இதே உத்திகள் பெரும்பொருளோடும் கையாளப்பட்டுள்ளன. 'பாதாள பைரவி' (1951), 'மாயா பஜார்' (1957) ஆகிய விஜயா நிறுவனப் படங்களில் மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு வித்தையின் தையலே தெரியாமல் செய்தது. கடோற்கசனாக வரும் எஸ். வி. ரங்காராவின் வாய்க்குள் இலட்டுகள் தாமே பறந்துசென்று விழும் காட்சியை இன்று பார்ப்போரும் வியக்கின்றனர். விட்டலாச்சார்யாவிடம் அத்தகைய வசதி இல்லை. ஒரே தூண்கள் படத்துக்குப் படம் அரண்மனையாகவும் குகையாகவும் வேடமிட்டன. ஊதியம் கூடுதலாகக் கேட்ட நடிகரின் பாத்திரத்தை அவர் ஆடாகவோ கிளியாகவோ மாற்றி, மீதிப் படத்தை அந்த விலங்கைக் கொண்டே முடித்துவிடுவார் என்றொரு கதை திரையுலகில் வழங்குகிறது. உண்மையோ புனைவோ, மாயாஜாலத்தின் பொருளியலை இதனினும் சுருக்கமாக விளக்கிவிட முடியாது.

தந்திரம் தெரிந்தும் பார்வையாளர் இரசித்தது ஏன்? இதற்கு விடை தெருக்கூத்தில் உள்ளது. கூத்தில் இருவர் பிடித்த ஒரு திரைச்சீலை அரண்மனையின் வாயிலாகிறது. மேடையை ஒருமுறை சுற்றிவந்தால் காடு கடந்தாயிற்று. பார்ப்போர் ஏமாறுவதில்லை, ஒப்புக்கொள்கின்றனர். 'ஒரு ஊரில் ஒரு ராஜா' எனத் தொடங்கும் பாட்டியிடம் அது எந்த ஊர் என எந்தக் குழந்தையும் வழக்காடுவதில்லை. சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலுள்ள அவ்வுடன்படிக்கையே மலிவான மாயாஜாலப் படத்தின் அடித்தளம். கம்பி தெரிவதால் பறக்கும் பாய் தரையில் விழுந்துவிடுவதில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு அண்மையில், சுங்கை குளுவாங்கில் எழுந்த சீனர்களின் பாம்புக்கோயிலை அறிந்தோர்க்கு இம்மனநிலை புதிதன்று. அங்குள்ள விரியன் பாம்புகள் ஊதுவத்திப் புகையில் மயங்கிக் கிடப்பதாக மக்கள் சொல்வர். அதனை முழுதும் நம்பிச் செல்வோர் சிலர். முழுதும் மறுத்துச் செல்வோர் சிலர். பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவே நின்று, கைகூப்பிவிட்டு ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்கின்றனர். நாககன்னிப் படங்களின் பார்வையாளரும் அந்த நடுவிடத்தில் நின்றவர்களே.

'ஜகன்மோகினி'யில் பெண்ணுருக் கொண்டு குடும்பத்திற்குள் நுழைந்த பேய், அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே நீட்டி எரியவிட்டுச் சமைக்கும். படத்தின் கதையை மறந்தோரும் இக்காட்சியை மறப்பதில்லை. ஓர் அடுப்பு, ஒரு பொய்க்கால், சிறிது நெருப்பு, செலவு அவ்வளவே. வீட்டுவேலையில் தன்னையே எரிக்கும் மருமகளின் உருவமாக இதனைப் படிக்க இடமுண்டு. இயக்குநர் அதனை எண்ணிச் செய்தார் எனக் கூறுவதற்கில்லை. நாட்டுப்புறப் படிமங்கள் எண்ணிச் செய்யப்படுவனவும் அல்ல. இதே பெயரில் 2009-இல் என். கே. விஸ்வநாதன் இயக்கத்தில் நமீதா நடித்துத் தமிழில் வந்த படம் கணினி வரைகலையின் துணையை நாடியது. கண்ணை ஏமாற்ற முற்பட்ட அப்படத்தில், பழைய உடன்படிக்கை காணாமற் போனதாகவே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

மொழிமாற்றுத் தமிழ்

தமிழாசிரியர்க்கு நேரடியாகத் தொடர்புடைய கூறு இப்படங்களின் மொழி. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவன. தமிழிலோ மெய்யீற்றுச் சொற்கள் மிகுதி. வாயசைவுக்கேற்ப வசனம் எழுதுவோர், திறந்த வாய்க்குத் திறந்த ஒலியைத் தந்தாக வேண்டும். ஆகவே 'மன்னா', 'தேவி', 'பிரபோ' என்னும் விளிகளும், 'நானே', 'நீயோ' என ஏகார ஓகாரங்கள் ஏறிய சொற்களும் இப்படங்களில் மிகுகின்றன. இதழ் மூடும் இடத்தில் பகரமோ மகரமோ வந்தாக வேண்டும். இன்றேல் பார்வையாளர் சிரித்துவிடுவர். இத்தளைகளுக்குள் பிறந்த தமிழ் பேச்சுத்தமிழும் அன்று, செந்தமிழும் அன்று. வீரவசனத்தின் ஓசையைக் கடன்வாங்கிய மூன்றாவது தமிழ். சொல்மயக்கங்களும் உண்டு. வாட்போரில் பெயர்பெற்ற நடிகர் காந்தாராவைத் தெலுங்கர் 'கத்தி காந்தாராவ்' என்றனர். அங்குக் 'கத்தி' என்பது வாள். அதையே தமிழில் கேட்போர்க்கு அவர் காய்கறி நறுக்கியவராகத் தோன்றக்கூடும்.

இத்தமிழை எள்ளி நகையாடுவது எளிது. எனினும் 'அடியேன்', 'ஆணை', 'சபதம்', 'வரம்' ஆகிய சொற்களை ஏட்டிலன்றிச் செவிவழியாக அறிந்த மலேசியத் தமிழ்ச் சிறுவர் பலருக்கு அவற்றை முதலில் ஒலித்துக் காட்டியவை இத்தகைய படங்களே என்பதை மறந்துவிட முடியாது.

ஐயத்திற்குரிய கவர்ச்சி

இவ்வளவு கூறியபின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. பெண்ணை இப்படங்கள் இரண்டே அச்சுகளில் வார்த்தன: விரதமிருந்து கணவனை மீட்கும் மனைவி, ஆடல்காட்டி ஆடவனை அழிக்கும் மோகினி. பின்னவள் கொட்டகையை நிரப்பினாள். முன்னவள் கதையை முடித்துவைத்தாள். தீய மாந்திரீகனுக்குக் கரிய நிறமும், காட்டுவாசிகளுக்குப் பொருளற்ற கூச்சலும், குள்ளர்களுக்கு நகைப்பும் என ஒதுக்கிவைத்த பங்கீடும் வெட்கத்திற்குரியது. 'இது வெறும் கதை' என்னும் அதே உடன்படிக்கைதான் இவற்றையும் கேள்வியின்றி உள்ளே விட்டது.

மணிமேகலையோடு ஒப்பிட்டால் இழப்பின் அளவு விளங்கும். அவள் வேற்றுருக் கொண்டது ஆடவனை மயக்க அன்று, அவனிடமிருந்து விலக. அவ்வுருவிலேயே சிறைக்கோட்டத்திற்குச் சென்று பசித்தோர்க்கு உணவளிக்க, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. கதைக்கூறு ஒன்றே, பயன் நேரெதிர். காயசண்டிகையையும் ஜகன்மோகினியையும் மாணவர்முன் அருகருகே வைத்து, உருமாற்றம் யாருக்காக நிகழ்கிறது என வினவும் ஆசிரியர், காப்பியத்தையும் படத்தையும் ஒருங்கே கற்பித்தவராவார். படத்தை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவோர்க்கு அவ்வினாவை எழுப்பும் வாய்ப்பே இல்லை.

கடல் கடந்த மோகினி

இம்மரபு மலாய்த் திரையுலகிற்கும் வந்து சேர்ந்தது. 1941-இல் தமிழில் 'மதனகாமராஜன்' படத்தை இயக்கிய பி. என். ராவ், பின்னர்ச் சிங்கப்பூருக்கு வந்து, கேத்தே-கெரிஸ் நிறுவனத்திற்காக 1957-இல் மரியா மெனாடோ நடித்த 'பொந்தியானாக்' படத்தை இயக்கினார். எல். கிருஷ்ணன், பாணி மஜும்தார் முதலிய இந்திய இயக்குநர்களும் அக்காலத்தில் அங்குப் பணியாற்றினர். பினாங்கில் பிறந்த பி. ரம்லீ 1958-இல் 'சும்பா ஓராங் மிஞ்யாக்' வழி இதே மாயவுலகில் கால்வைத்தார். பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அறைந்தால் அவள் அழகிய பெண்ணாகிவிடுவாள் என்பது மலாய் நம்பிக்கை. ஆணி அறைந்து பேயை அடக்குவது கேரளத்து நீலி கதையிலும் தமிழ்நாட்டுப் பேயோட்டும் வழக்கத்திலும் காணப்படுவது. யார் யாரிடம் பெற்றனர் எனத் தீர்ப்பளிக்க முற்படாமல், மதனகாமராஜனை நன்கறிந்த ஓர் இயக்குநருக்கு இப்பேய் அயலாகத் தோன்றியிராது என்பதை மட்டும் ஈண்டுச் சுட்டலாம்.

'பொந்தியானாக்' பெருவெற்றி பெற்று இரு தொடர்ச்சிகளையும் ஈன்றது. ஆயினும் முதலிரு படங்களின் சுருள்கள் இன்றில்லை; தயாரிப்பாளர் அவற்றை ஈயக்குட்டையில் எறிந்துவிட்டார் எனக் கூறப்படுகிறது. எஞ்சிய கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்கள் 91 ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தால் பேணப்பட்டு, 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. விட்டலாச்சார்யா படங்களின் தெலுங்கு மூலங்களையேனும் தெலுங்கர் போற்றுகின்றனர். தமிழ் மொழிமாற்றுப் படிகளோ தெலுங்கர்க்கும் உரியனவல்ல, தமிழ்ப்பட வரலாற்றிலும் அடங்குவனவல்ல. மேற்கூறிய மூன்றாவது தமிழை எழுதியோர் யாவர், எந்தப் படத்திற்கு எவர் குரல் கொடுத்தனர் என்னும் எளிய அட்டவணையைத் தொகுக்கும் பணி, இன்னும் எஞ்சியுள்ள ஒளிநாடாக்களின் பெயர்ப்பட்டியல் காட்சிகளிலிருந்து தொடங்கத்தக்கது. அந்நாடாக்களில் பூஞ்சை படர்வதற்கு நம் நாட்டு ஈரக்காற்றே போதும்.